கன்னத்துப் பூச்சும் சம்பந்தி சந்தனமும்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நன்னிலத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கியவன், இன்றைக்கு மூன்று கதிர் அறுக்கும் மிஷினுக்குச் சொந்தக்காரன். சேற்று வயலில் இறங்குகிற செயின் வண்டியை எங்கள் பக்கத்தில் முதலில் கொண்டுவந்தது நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் சொல்ல வந்தது மிஷின் கதை அல்ல. அறுபத்தேழு வயதில் முகத்துக்கு மேக்கப் போடக் கற்றுக்கொண்ட கதை. அதையும் நான் அரைகுறையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது கன்னத்தில், மூக்கோரமாக, மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை தெரிந்தது. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று துடைத்தேன். போகவில்லை. ஆறு மாதத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஆனது. இப்போது மூன்று விரல் வைத்தால்தான் மறையும். திருவாரூரில் காட்டிய டாக்டர், தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, மருந்து மெதுவாகத்தான் கேட்கும் என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். என் முகத்தைப் பார்த்தா மிஷின் வாடகைக்கு எடுக்கிறார்கள்?

இளைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் அது என்னை உட்காரவிடாமல் செய்தது. அவள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள், இருபத்தெட்டு முடிந்துவிட்டது. கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. ஜாதகம் அவர்களே பார்த்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பெண்ணைப் பார்த்ததைவிட என் கன்னத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அடுத்த வாரம் ஜாதகத்தில் தோஷம் இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள்.

"ஜாதகம் இல்லண்ணே," என்றார் தரகர். "ஒங்க கன்னம். பரம்பரையா வருமோன்னு பையனோட அம்மா கேட்டுச்சு."

அடுத்து மயிலாடுதுறை இடம். பையனின் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனும் சென்னையில்தான் வேலை. நல்ல குடும்பம், மகளுக்கும் பையனைப் போட்டோவில் பிடித்திருந்தது. தரகர் என்னைத் தனியாக அழைத்துப்போய் மெதுவாகச் சொன்னார்.

"அவங்க வர்ற அன்னைக்கு நீங்க அவசரமா வெளியூரு போயிட்டதா சொல்லிடலாம்ண்ணே. பெரிய மாப்பிள்ளை நின்னு பேசட்டும்."

"எம் பொண்ண பாக்க எம் வூட்டுக்கு வர்றாங்க. நான் எங்கய்யா போவேன்? பம்புசெட்டுல போயி ஒளிஞ்சிக்கவா?"

"கோவப்படாதீங்க. இந்த எடமும் போயிடுச்சின்னா, அப்புறம் வர்றவன் மொதல்ல அதத்தான் கேப்பான்."

அந்த வார்த்தைதான் தைத்தது. இதுவும் போனால், மகளின் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்பது அப்பன் முகம் என்று ஆகிவிடும். மூட்டை தூக்கி அவளை இன்ஜினீயர் ஆக்கியவன் நான்.

மகளுக்குப் போன் போட்டுத் தரகர் சொன்னதைச் சொன்னேன். "நான் அந்தப் பையன்ட்ட நேரா சொல்லிடறேன்ப்பா. நம்பர் இருக்கு," என்றாள். எனக்கு ஏறிவிட்டது. என் மூஞ்சியைப் பற்றி ஊரூராகப் போன் போட்டுச் சொல்வாயா, கூடாது, நான் உயிரோடு இருக்கிறவரை கூடாது என்றேன்.

"அப்ப மேக்கப் போட்டுக்குங்க," என்று கோபத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அவள் கோபத்தில் சொன்னதை நான் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

நன்னிலத்தில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். தஞ்சாவூருக்குப் போனேன். கீழவாசல் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், கிளிப்பு, நெயில் பாலிஷ் நடுவில் வேட்டியும் சட்டையுமாக நான் மட்டும் ஆம்பளை. கடைப்பெண், "யாருக்குங்கய்யா, பொண்ணுக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா."

நிமிர்ந்து கன்னத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணைப் பாராட்ட வேண்டும். பத்துப் பதினைந்து குப்பியை எடுத்து வரிசையாக வைத்து, மணிக்கட்டில் போட்டுப் பார்க்கலாம் என்று கையைக் கேட்டாள். நான் கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினேன். ஒரு ஷேடு அச்சாகப் பொருந்தியது. எங்கே பூசினாள் என்றே தெரியவில்லை. இவ்வளவுதானா வித்தை என்று அலட்சியமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று பூசி முடித்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்னங்க இது, பூசணிக்காய்ல சுண்ணாம்பு தடவுன மாதிரி?"

நாற்பது வருஷமாகக் கடிகார வாருக்கு அடியில் வெயிலே படாமல் கிடந்த தோல் அது. முகமோ நாற்பது வருஷமாக வயலில் காய்ந்தது. அந்த இடத்துக்குப் பொருந்திய நிறம் இந்த இடத்துக்கு எப்படிப் பொருந்தும்? வெள்ளையை மறைக்கப் போய் முகம் முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. பதர் எது, நெல் எது என்று தூரத்திலிருந்தே சொல்கிறவன் நான். என் தோல் நிறம் எனக்குத் தெரியவில்லை.

சம்பா அறுப்பு உச்சத்தில் இருந்த நேரம். மூன்று மிஷினும் மூன்று ஊரில் ஓடுகிறது, டிரைவர்கள் மாற்றி மாற்றிப் போன் அடிக்கிறார்கள். நான் மறுநாளும் தஞ்சாவூருக்கு வண்டியை விட்டேன். "அம்மாடி, ஒங்கடை லைட்டு பொய் சொல்லுது. ரோட்டுக்கு வா," என்றேன். முதலாளியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பதினோரு மணி வெயிலில், பஸ் போகிற ரோட்டோரத்தில், தாடை எலும்பை ஒட்டிக் கோடு கோடாகப் போட்டுப் பார்த்தோம். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரே குப்பியில் என் நிறம் கிடைக்கவில்லை. ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு. இரண்டையும் உள்ளங்கையில் கலந்தால்தான் வந்தது. கலவைக் கணக்கை நானே கண்டுபிடித்தேன். கறுப்பு இரண்டு துளி, செம்பழுப்பு ஒரு துளி.

"அய்யா, நீங்க பார்லரே வைக்கலாம்," என்றாள்.

"வச்சா ஒனக்குத்தான் மொத வேலை," என்றேன்.

அப்புறம் பத்து நாள் பயிற்சி. மகள் கோபம் தணிந்து வீடியோ காலில் வந்தாள்.

"தேய்க்காதீங்கப்பா. தட்டுங்க. ஸ்பாஞ்ச நனைச்சு பிழிஞ்சுட்டுத் தட்டுங்க."

"தட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது தட்டுறது இல்லப்பா, அறையறது. ஓரத்துல மெலிசா போகணும். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு தெரியக்கூடாது."

ஷேவ் செய்து அரை மணி நேரம் விட்டுப் பூச வேண்டும் என்பதை நானே கற்றுக்கொண்டேன். உடனே பூசினால் எரியும். மத்தியானத்துக்கு மேல் நரைமுடி முளைவிடும். அதன் தலையில் பூச்சு ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். ஆகவே காலையில் பூசினால் இரண்டு மணி வரைதான் கெடு. பவுடர் போட்டால் கொஞ்சம் நீளும். அதிகம் போட்டால் கோவில் திருவிழாவில் வேஷம் கட்டியவன் மாதிரி ஆகிவிடும்.

எல்லாம் சரியாக வந்த நாளிலும் ஏதோ ஒட்டவில்லை. வலது கன்னம் என்னுடையது, இடது கன்னம் வேறு யாருடையதோ என்று இருந்தது. மனைவிதான் சொன்னாள். "அந்தப் பக்கம் மழமழன்னு பொம்ம கன்னமா இருக்கு. இந்தப் பக்கம் ஒங்க கன்னமா இருக்கு."

யோசித்தேன். வலது கன்னத்தில் வெயில் கறுப்பு, பழைய அம்மைத் தழும்பு, இரண்டு சின்ன மரு இருக்கிறது. இடது கன்னத்தில் அதையெல்லாம் சேர்த்து மறைத்திருக்கிறேன். ஒரு ஈர்க்குச்சியைக் கிள்ளி, நுனியைக் கறுப்புக் குப்பியில் தொட்டு, பூச்சின் மேல் நாலைந்து இடத்தில் லேசாக வைத்து விரலால் ஒற்றினேன். அவ்வளவுதான், கன்னம் மனுஷக் கன்னமாகிவிட்டது. இதை மகள் சொல்லித்தரவில்லை. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராது.

சோதனைக்காகப் பூசிக்கொண்டே வயலுக்குப் போனேன். வரப்பில் நின்று டிரைவரோடு அரை மணி நேரம் பேசினேன். கதிர்த்தூசியின் சுணை கழுத்தெல்லாம் அரிக்கிறது; முகத்தில் கை வைக்கவில்லை. கிளம்பும்போது அவன், "அண்ணே, மருந்து கேட்டுடுச்சு போலருக்கே," என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். வண்டியில் ஏறும்வரை பெருமையாக இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது. பத்து வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவன்.

பெண் பார்க்கிற நாள் நன்றாகவே போனது. பத்தரை மணிக்கு வந்தார்கள். தோளில் துண்டு போட்டால் பழக்கதோஷத்தில் முகத்தைத் துடைத்துவிடுவேன் என்று மனைவி துண்டையே ஒளித்து வைத்துவிட்டாள். கை என்ன செய்வதென்று தெரியாமல் தோளுக்குப் போய்ப் போய் வந்தது. தலைமையாசிரியர் கலகலப்பான மனிதர். மிஷின் பற்றிக் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். ஆனால் அன்றைக்குப் பாதிப் பேச்சில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன், ஜன்னல் வெளிச்சம் வலது பக்கம் விழுகிறதா என்று பார்த்தேன். பையனும் மகளும் கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். போகும்போதே சம்மதம் சொல்லிவிட்டார்கள். மாசியில் நிச்சயதார்த்தம், வைகாசியில் கல்யாணம்.

மறுநாள் காலையில் மனைவி நிச்சயதார்த்தச் சாமான் பட்டியல் சொல்ல, நான் எழுதிக்கொண்டிருந்தேன். தேங்காய், பழம், வெற்றிலை, பன்னீர், சந்தனம். சந்தனம் என்று சொன்னவள் அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் பேனாவை வைத்துவிட்டேன்.

எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் கன்னத்தில் ஒருவர் இரண்டு கையாலும் சந்தனம் பூசுவார்கள். பிறகு மாலை போட்டுக் கட்டிக்கொள்வார்கள். அப்புறம்தான் தட்டு. சபை முழுக்கப் பார்க்கும்.

அன்றைக்கே பரிசோதித்தோம். நான் பூசிக்கொண்டு நிற்க, மனைவி பன்னீரில் குழைத்த சந்தனத்தை எடுத்து ஒரு இழு இழுத்தாள். சந்தனத்தோடு பூச்சும் சேர்ந்து வழிந்து, கரைந்த வரப்பு மாதிரி உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது. மறுபடியும் தஞ்சாவூர். தண்ணீரில் போகாத ரகம் என்று கடைப்பெண் ஒன்று கொடுத்தாள், மேலே அடிக்க ஒரு ஸ்பிரே கொடுத்தாள். தண்ணீருக்கு நின்றது. வியர்வைக்கு நின்றது. சந்தனத்துக்கு நிற்கவில்லை. எட்டு தடவை பார்த்தோம். மனைவியின் கை மணத்தது, என் கன்னம் தடித்துப்போனது.

கையில் மட்டும் பூசினால் போதும் என்று சொல்லிப் பார்க்கத் தரகரை அனுப்பினேன். போன சுருக்கில் வந்தார்.

"சிரிக்கிறாருண்ணே. கன்னத்துல பூசாம என்ன சம்பந்தி, ரெண்டு கன்னமும் ரெடியா வச்சிருக்கச் சொல்லுன்னாரு."

அந்த மூன்று வாரமும் நான் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒரு ஊருக்குப் போக வேண்டிய மிஷினை வேறு ஊருக்கு அனுப்பினேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்தேன். போன் அடித்தால் மயிலாடுதுறையோ என்று கன்னத்துக்குத்தான் முதலில் கை போனது. போனில் கன்னம் தெரியாது என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. மனைவி ஒருநாள், "போயி சொல்லிட்டு வந்துடுங்களேன்," என்றாள். வண்டியை எடுத்தேன். மயிலாடுதுறை வழியில் பேரளம் வரை போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறக்கிறதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலை மண்டபத்தில் மகளுக்கு மேக்கப் போட ஒரு அம்மாள் வந்திருந்தார். இயற்கையாகத் தெரியணும் என்று மகள் கேட்டிருந்தாள். அந்த இயற்கைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். தொழில்காரியின் கண், உடனே பிடித்துவிட்டது.

"யாரு சார் போட்டுவிட்டது? அந்தப் புள்ளி வச்சிருக்கிறது ரொம்ப அழகு."

"நாந்தான்."

"நீங்களேவா? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"சொந்தமா."

அந்த நிலைமையிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். அப்படியே தணிந்த குரலில், சந்தனத்துக்கு நிற்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "தேய்ச்சா எதுவும் நிக்காது சார். கல்யாணப் பொண்ணுக்கே நாங்க நலுங்கு முடிஞ்சுதான் போடுவோம்." கண்ணாடி வழியாக மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை கூடிவிட்டது. ஐயர் கூப்பிட்டார். சம்பந்தி எதிரே வந்து நின்று, வெள்ளிக் கிண்ணத்தில் இரண்டு கையையும் முக்கினார். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவர் கையில் இது உரிந்து வந்தால், நான் பிடிபட்டவன் ஆவேன். என் மகளும் பிடிபட்டவன் மகள் ஆவாள்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம். அப்படியே நில்லுங்க," என்றேன்.

மேடையை விட்டு இறங்கிப் பந்தி ஹாலுக்குப் போனேன். கை கழுவுகிற தொட்டியில் சோப்பு இருந்தது. மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். தண்ணீரில் போகாத ரகம் ஆயிற்றே, லேசில் போகவில்லை. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு அப்படியே மேடைக்கு வந்து நின்றேன். சபையில் சலசலப்பு. சம்பந்தி கையைத் தூக்கியபடியே நின்றார். விரலிலிருந்து சந்தனம் சட்டைக் கையில் சொட்டியது.

"இது எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு," என்றேன். "தொத்தாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க வம்சத்துல வேற யாருக்கும் இல்ல. பொண்ணுக்கும் இல்ல."

"அன்னைக்கு வூட்டுல இது இல்லியே?" என்றார் அவர் மனைவி, கீழே முதல் வரிசையிலிருந்து.

"மறைச்சிருந்தேன்."

"ஏன் சம்பந்தி மறைச்சீங்க?" சம்பந்தியின் குரலில் தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

"ஏற்கனவே ஒரு எடம் இதப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஒங்களையும் விட்டுடக் கூடாதுன்னுதான்."

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். மேளக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

பையன் எழுந்து நின்றான். "அப்பா, சந்தனம் காயுது," என்றான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சம்பந்தி கிண்ணத்தில் மறுபடியும் கையை முக்கினார். வலது கன்னத்தில் உள்ளங்கை முழுவதும் வைத்துப் பூசினார். இடது கன்னத்தில் ஒரு விரலால் மட்டும் தொட்டு ஒரு கோடு இழுத்தார். நான் அவருக்கு இரண்டு கன்னத்திலும் அப்பினேன். மாலை போட்டோம். தட்டு மாற்றினோம். மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது.

அந்த ஒரு விரலையே நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வலிக்குமோ என்று பார்த்துத் தொட்டாரா, ஒட்டிக்கொள்ளுமோ என்று பார்த்துத் தொட்டாரா? பையனுக்கு முன்பே தெரியுமா என்று மகளிடம் கேட்டேன். "நீங்கதானேப்பா சொல்லக் கூடாதுன்னீங்க," என்றாள். அது ஆமாமா, இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

பந்தியில் நானே நின்று பரிமாறினேன், வெறும் முகத்தோடு. சம்பந்தி அம்மாள் இலை முன்னால் போனபோது அவர் நிமிர்ந்து என் கன்னத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு அவ்வளவு பக்கத்துல ஒக்காந்திருந்தேன். எனக்குத் தெரியவே இல்லியே," என்றார்.

என் கைவேலையை அதற்கு மேல் யாரும் பாராட்ட முடியாது. பாராட்டுத்தானா என்பதுதான் தெரியவில்லை. "கூட்டு போடட்டுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் போடுங்க என்றார். போட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.